பெரியவளுக்கு ஒரு பதில்

செத்தவனுக்குக் கோபம் வராது என்று எவன் சொன்னானோ, அவன் வாயில் மண்ணைப் போட. நான் செத்து மூன்று வருஷமாகிறது, இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. என் பெரிய மகளுக்கு ஒரே ஒரு பதில் சொல்ல வேண்டும். சொல்லத்தான் தொண்டை இல்லை.

உயிரோடிருந்தபோது மெத்தை தைத்தேன். அதற்கு முன்னால் வாள்வீரன். அரசர் எதிரே வாளைத் தொட்டுச் சத்தியம் செய்த ஏழு பேரில் ஒருவன். அரண்மனை விழுந்த அன்று மற்ற ஆறு பேரும் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். நான் அரசரின் கைக்குழந்தையைப் பஞ்சு மூட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன். என் மகளுக்கு அப்போது ஒரு வயது, தாயில்லாத பிள்ளை. இரண்டையும் வேறொரு ஊரில் அக்கா தங்கை என்றே வளர்த்தேன். பெரியவள், சின்னவள். தான் அரசரின் வாரிசு என்று சின்னவளுக்கே தெரியாது.

எங்கள் சத்தியத்தில் ஒரு விதி உண்டு. யாருக்காக வாளைத் தொட்டோமோ அவருக்கும் அவர் வாரிசுக்கும் முதுகு காட்டக் கூடாது, செத்தாலும். நான் மெத்தைப் பட்டறை போட்ட மறுநாளே அந்த ஆறு பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். பட்டறைச் சுவரோரம், வெட்டுக் காயங்களோடு, சின்னவளையே பார்த்தபடி வரிசையாக நிற்பார்கள். அவள் அடுப்படிக்குப் போனால் ஆறு தலையும் அந்தப் பக்கம் திரும்பும். என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவார்கள். முதல் வருஷம் எனக்குத் தூக்கமே இல்லை. பிறகு, "தள்ளி நில்லுங்கடா, மெத்தைய எங்க விரிக்கிறது?" என்று அதட்டப் பழகிவிட்டேன்.

"யாருகிட்டப்பா பேசுறீங்க?" என்பாள் பெரியவள்.

"பஞ்சுகிட்ட."

விதியை நானும் விடவில்லை. காலுக்கு ஊறிப்போன பழக்கம். சின்னவள் இருக்கும் அறையிலிருந்து அவளைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்துதான் வெளியே வருவேன். பெரியவளுக்குக் கிடைத்ததெல்லாம் என் முதுகு. "அவ மேலதான் உங்களுக்கு உசுரு. நான் என்ன தவிட்டுக்கு வாங்குனதா?" என்று பொருமுவாள். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்திருக்கக் கூடாது.

பெரியவளுக்குப் பதினைந்து வயதான வருஷம், மெத்தைக்கு அளவு சொல்ல ஒல்லியாக ஒருவன் வந்தான். ஒரே உயரத்துக்கு வளர்ந்திருந்த பெண்கள் இருவரும் ஒட்டி உட்கார்ந்து தலையணை அடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் துணி எடுக்கப் பின்பக்கமாகவே நடந்து போனேன்.

"அண்ணே, முதுகுல கண்ணு வச்சிருக்கீங்களா?" என்றான்.

"தொழில் பழக்கம் தம்பி" என்றேன், கிறுக்கன் மாதிரி. எந்த ஊர் மெத்தைக்காரன் பின்பக்கமாக நடப்பான்? அரண்மனையைப் பிடித்தவர்கள் வாரிசைத் தேட அனுப்பிய ஆள், எங்கள் விதியை நன்றாகத் தெரிந்தவன் அவன். மறுநாள் காலை கடை திறந்ததும் நான்கு வாள்காரர்களோடு வந்து நின்றான்.

ஒருத்தியை இந்தச் சுவரோரமும் மற்றவளை எதிர்ச்சுவரோரமும் நிறுத்தினான். என்னை நடுவில் விட்டான். "யாராவது ஒருத்திக்கு முதுகக் காட்டுங்கண்ணே. நீங்க முகம் காட்டுறவள நாங்க கூட்டிட்டுப் போறோம், மத்தவ பொழைச்சுப் போகட்டும். அடம் புடிச்சீங்கன்னா ரெண்டு பேரையும் இங்கேயே முடிச்சிருவோம்."

என் வாள், அடுக்கி வைத்த மெத்தைகளில் ஒன்றுக்குள் வைத்துத் தைக்கப்பட்டுக் கிடந்தது. கையில் இருந்தது ஊசி.

சின்னவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன்.

ஆறு வாள்கள் உருவும் சத்தம் பின்னால் கேட்டது. முதுகு காட்டியவனை மற்றவர்கள் வெட்டலாம் என்பதும் விதிதான். ஆனால் வெட்டவில்லை. எதற்காகத் திரும்பினேன் என்று அவர்களுக்குத் தெரியாதா?

பொய் சொல்ல மாட்டேன். திரும்பியது சின்னவளுக்காகத்தான். ஆனால் திரும்பிய பிறகு பெரியவளைப் பார்த்தேனே, அத்தனை வருஷத்தில் அப்படி ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. புருவம் அப்படியே அவள் அம்மா. தாடையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நடுங்கிக்கொண்டிருந்தவள், அப்பா தன்னைப் பார்க்கிறார் என்றதும் லேசாகச் சிரித்தாள். பாவி, நான் பாவி. அந்தச் சிரிப்போடுதான் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் தெருமுனை தாண்டும்வரைதான் பொறுத்தேன். மெத்தையைக் கிழித்து வாளை எடுத்தேன். சின்னவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நீங்க முதுகு காட்டாம நடக்குறது எனக்கு மட்டுந்தான். அவங்க தேடி வந்தது என்னையா?"

"ஆமாம்மா. நீ அரசரோட வாரிசு."

"அப்ப நான் சொன்னா நீங்க கேக்கணும்ல? போயி அக்காவக் கூட்டிட்டு வாங்க."

மறுபடியும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினேன். இந்த முறை யோசிக்கவேயில்லை.

படகுத்துறையில் பிடித்தேன். ஐந்து பேரில் ஒருவன்கூடத் திரும்பிப் போகவில்லை. ஒல்லிப்பயல் மட்டும் விழும்போது என் விலாவில் கத்தியை இறக்கிவிட்டான். பெரியவள் என் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். வாரிசுக்கு முதுகு காட்டக் கூடாது என்ற விதியை வழியில் அவர்கள் பேசக் கேட்டு அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டிருந்தது.

"அப்பா, என்னைப் பாத்தீங்களே, நெஜமாவே என்னையத்தான் பாத்தீங்களா? இல்ல, அவளக் காப்பாத்தத்தானா? சொல்லிட்டுப் போங்கப்பா."

வாயெல்லாம் ரத்தம். பதில் சொல்வதற்குள் போய்விட்டேன்.

விதிப்படி பட்டறைக்கு வந்து ஆறு பேரோடு ஏழாவதாக நின்றேன். பக்கத்தில் நின்ற மீசைக்காரன் முறைத்தான். "டேய், தப்பான பக்கம் பாத்துட்டு நிக்கிற. சின்னவ பக்கம் திரும்புடா."

திரும்ப முயன்றுதான் பார்த்தேன். கால் வரவில்லை. செத்தவன் கால் அவன் பேச்சைக் கேட்பதில்லை போலிருக்கிறது. மூன்று வருஷமாகப் பெரியவளுக்கு எதிரேதான் நிற்கிறேன். அவள் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் திரும்புகிறேன்.

இப்போது அக்காவும் தங்கையும்தான் கடையை நடத்துகிறார்கள். நேற்று மத்தியானமும் அந்தப் பேச்சு வந்தது.

"உன்னையத்தான்கா பாத்தாரு" என்றாள் சின்னவள்.

"உனக்கென்னடி தெரியும்? எனக்குத் தெரிஞ்சது அவரு முதுகுதான்" என்று பெரியவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உன்னையத்தான்டி தங்கம், உன்னையத்தான்" என்று அவள் முகத்துக்கு நேரே கத்துகிறேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அடுத்த மெத்தையை இழுத்துப் போடுகிறாள்.