அன்பளிப்புத் தகடு

எங்கள் சபைக்கு வந்த சிறிய ஜெனரேட்டர், கயிற்றை இழுத்ததும் உறுமும். பத்தே நிமிடத்தில் கொதித்து நின்றுவிடும். ஆயில் மாற்றினேன், பிளக்கைத் துடைத்தேன். பயனில்லை. கரண்ட் போன மூன்று ஞாயிறும் பாதிப் பிரசங்கத்தில் மைக் செத்தது. சபையே திரும்பி என்னை முறைத்தது.

வண்ணார்பேட்டை மெக்கானிக் தளவாய், பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"காத்து போற ஓட்டைய அடைச்சு எவன்வே தகட்ட மாட்டுனது?"

‘அன்பளிப்பு: அப்பாத்துரை குடும்பத்தார்’ என்றது தகடு. கழற்றினோம். ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது.

ஞாயிறன்று அப்பாத்துரை அண்ணாச்சி வந்து பார்த்தார்.

"ஓடுது, சரி. யாரு கொடுத்ததுன்னு எப்படிலே தெரியும்?"

"பின்பக்கம் மாட்டுதேன் அண்ணாச்சி."

"பின்பக்கத்த எவன்லே பாப்பான்?"

தகடு பழைய இடத்துக்கே போனது. அன்றும் கரண்ட் போனது; பாதிப் பிரசங்கத்தில் மைக் செத்தது. சபை முறைத்தது, என்னைத்தான்.