மைல் ஒன்று

ரயில் என்றால் எனக்கு ஒரு கிறுக்கு. பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாருக்கு ஏதாவது ஒரு கிறுக்கு இல்லாவிட்டால் பொழுது ஓடாது. உடன்குடிப் பக்கம் ஒரு காலத்தில் சீனி ஆலைக்காகக் குட்டி ரயில் ஓடியது. தண்டவாளத்தைப் பிடுங்கி எண்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. மிச்சமிருப்பது அங்கங்கே கொஞ்சம் மண்மேடு, ஓடைமேல் ஒரு சின்னப் பாலம், யாரோ வீட்டு வாசலில் தூணாக நிற்கிற தண்டவாளத் துண்டு. இதையெல்லாம் தேடிச் சனிக்கிழமைதோறும் நானும் ரசீதும் நடப்போம். ரசீத் உடன்குடிக்காரன், பாளையில் மின்சாமான் கடை வைத்திருக்கிறான். வழி அவனுடையது, பேச்சு முழுக்க என்னுடையது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமையே பள்ளிக்கு விடுமுறை.

"ஜும்ஆ தொழுகைக்குப் போவணும் வே, ஜாஸ்பரு. ஒரு நாள் பொறுத்தா ரயிலு ஓடியா போயிரும்?" என்றான் ரசீத்.

எனக்குப் பொறுமை ஏது? தனியாகக் கிளம்பினேன்.

மண்மேட்டின் ஓரமாகவே நடந்தேன். தேரிக்காட்டுச் செம்மணல் காற்றுக்கு இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஒரு வாரம் கழித்துப் போனால் இடமே அடையாளம் தெரியாது. ஓரிடத்தில் மணலுக்கு மேல் ஒரு கல் அரையடி தலைநீட்டிக்கொண்டிருந்தது. அதில் நெட்டுக்குத்தாக ஒற்றைக் கோடு. ஒன்று! மைல் ஒன்று! அரை மணி நேரம் வெறுங்கையால் தோண்டி, ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். அதைக் கட்டிப்பிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, வண்டியில் கட்டி ஊருக்குக் கொண்டுவந்தேன். ரசீதிடம்கூடச் சொல்லவில்லை. அவனை அசத்த வேண்டுமல்லவா?

மூன்று வாரம் கழித்துப் பள்ளியில் கண்காட்சி. கல்லுக்குத் தனி மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, 'மைல் 1' என்று அட்டை எழுதி வைத்தேன். தேய்மானத்தைப் பார்த்தாலே நூறு வருஷம் தெரிகிறது என்று வந்தவர்களிடமெல்லாம் அளந்தேன். தலைமையாசிரியர் கைகுலுக்கினார்.

மாலையில் ரசீத் வந்தான். கல்லின்முன் குனிந்தவன் நிமிரவே இல்லை. அந்தக் கோட்டை மேலிருந்து கீழாக விரலால் தடவினான்.

"இது ஒண்ணு இல்ல வே. அலிஃப்."

"என்னது?"

"அரபில மொத எழுத்து. இது மீசான் கல்லு வே. மையவாடில பொதச்சவுங்க தலைமாட்டுல நடுத கல்லு. எங்கன இருந்து வே புடுங்குனீரு?"

என் அப்பா எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலுவைக்குக் கீழே படுத்திருக்கிறார். அந்தச் சிலுவையை ஒருவன் பிடுங்கிக்கொண்டு போய் மேசைமேல் வைத்து விளக்கம் சொன்னால் அவனை நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அட்டையைக் கிழித்துப் பைக்குள் போட்டேன்.

மறுநாள் காலையிலேயே இருவரும் கல்லோடு போனோம். "நீரு வாயத் தொறக்காதியும். யாராவது வந்தா நான் பேசிக்கிடுதேன்" என்றான் ரசீத். இடிந்த சுற்றுச்சுவர் ஒன்று மணலுக்குள் கிடந்தது. இன்னும் நாலைந்து கற்களின் நுனி தெரிந்தது. அன்றைக்கு இதெல்லாம் என் கண்ணில் படவே இல்லை. நான் தோண்டிய குழியைக் காணோம், காற்று அதை மூடிவிட்டிருந்தது. செல்போனில் படத்தைப் பார்த்தேன். அதில் என் பல்தான் நிறைய இருந்தது, பின்னால் வெறும் மணல். ஒரு மணி நேரம் தேடினேன்.

அப்போதுதான் முகம்மது மைதீன் வந்தார். ரசீதுக்கு அண்ணன் முறை, 'காக்கா' என்று கூப்பிடுவான். என் கையிலிருந்த கல்லைப் பார்த்ததும் ஓடி வந்து வாங்கிக்கொண்டார்.

"மண்ணுல சாஞ்சு கெடந்துச்சு, காக்கா. சாருதான் பாத்து எடுத்து வச்சாவ" என்றான் ரசீத்.

மைதீன் அந்தக் கோட்டில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தார். "எம் பொஞ்சாதி மௌத்தானப்ப நான் சவுதில, தம்மாம்ல இருந்தேன், சார். மொகம் பாக்கக் கொடுத்து வைக்கல. போன வருசம் வந்து நானே இந்தக் கல்ல நட்டேன். அல்லாஹ்ன்னு வெட்டலாம்னு ஒக்காந்தேன், அலிஃபுக்கு மேல கை ஓடல." நூறு வருஷம் என்று நான் அளந்தது இதைத்தான். "கல்லக் காணாம மூணு வெள்ளியா உத்தேசமா ஒரு இடத்துல ஒக்காந்து ஓதுதேன். அவளுக்குத்தான் ஓதுதேனான்னு தெரியல." கல்லை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் கையைப் பிடித்தார். "நீங்க நல்லா இருக்கணும், சார். எங்கன கெடந்துச்சு? அந்த எடத்த மட்டும் காட்டிருங்க."

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், கையில் கல்லோடு நிற்கிறவருக்கு இடம் எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பார். பிடுங்கியதைச் சொல்ல வேண்டிவரும். அவர் என் கையை இன்னும் விடவில்லை.

மற்றக் கையை நீட்டி, ஒரு பனை வடலிக்குப் பக்கத்தில் காட்டினேன். "அங்கன."

அவர் போய் மண்ணைக் கையால் பறித்தார். கல்லை நட்டு, சுற்றிலும் மண்ணை அணைத்து, தண்ணீர் தெளித்தார். பிறகு உட்கார்ந்து ஓதத் தொடங்கினார். தோள் குலுங்கியது.

திரும்பி வரும்போது பாதி வழியில் ரசீத் வண்டியை நிறுத்தினான்.

"அந்த எடந்தானா வே?"

"ஆமா."

அவன் வண்டியை எடுத்தான். அதன்பிறகு சனிக்கிழமைகளில் அவன் என்னைக் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

போன மாதம் பல்பு வாங்க அவன் கடைக்குப் போயிருந்தேன். மைதீன் காக்கா ஜமாஅத்தில் சொல்லிவிட்டார் என்றான் ரசீத். தான் மௌத்தானால் அந்த வடலி பக்கம், பெண்சாதிக்குப் பக்கத்திலேயே குழி வெட்ட வேண்டுமாம். எல்லாரும் சம்மதித்துவிட்டார்களாம்.

ரசீத் பல்பை எரியவிட்டுக் காட்டினான்.

"நல்லது" என்றேன்.