பன்னிரண்டாவது சைக்கிள்

முன் பிரேக்கை அவள் மூன்றாவது முறையாக அழுத்தியபோது, முன்னறையில் யாரோ மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொல்வது கேட்டது. பிரேக் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பைக் கவ்வின. சக்கரத்தைக் கையால் தள்ளினாள். கொஞ்சம் அடம்பிடித்துவிட்டு நழுவிச் சுழன்றது. பின் சக்கரமும் அப்படித்தான்.

சமையலறைக்குப் பின்னால் துணி உலர்த்தும் இடத்தில் அவள் முட்டிபோட்டிருந்தாள். நேற்று மாலை ஒரு போலீஸ்காரர் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருந்தார். ‘சைக்கிளிலிருந்து விழுந்து இறந்தவர்’ என்று அந்தத் தாளில் இருந்தது. முன்னறையில் கிடத்தியிருந்த அவள் கணவரின் நெற்றியில், இடப் பக்கம், இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. வேறு காயம் இல்லை. ஆஸ்பத்திரியில், வரும்போதே உயிர் இல்லை என்று சொன்னதோடு சரி.

அவர் தண்ணீர் மீட்டர் படிக்கிறவர். இருபத்தாறு வருடமாக அதே வேலை. தெருவில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. ‘மீட்டர்’ என்றால் தெரியும். மீட்டர்கள் இருக்கும் இடம் மாடிப்படிக்கு அடியில், கார் நிறுத்தும் கீழ்த்தளத்தில், கொல்லைச் சுவரோரத்தில். அங்கெல்லாம் பழைய மலை சைக்கிள்கள் சிலந்தி வலை கட்டிக் கிடக்கும். பிள்ளைகள் கேட்டு வாங்கி, இரண்டு வருடம் ஓட்டி, வளர்ந்து மறந்துபோனவை. “எடுத்துட்டுப் போங்க மீட்டர், இடமாவது மிஞ்சும்” என்பார்கள். தோளில் சுமந்துகொண்டு வருவார்.

அவள் ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் மெக்கானிக். ஒரு தளம் முழுக்க ஓடும் மெஷின்களில் எது தையல் விடுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். மூன்று வருடத்துக்கு முன், மகள் விட்டுப்போன மலை சைக்கிளை முதலில் பிரித்துப் பார்த்தார்கள். முன்னால் இருந்த ஸ்பிரிங் வைத்த கனமான கவட்டையைக் கழற்றிவிட்டு நேரானதை மாட்டினாள். நீட்டுக் கைப்பிடி போய், ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த கைப்பிடி வந்தது. முரட்டு டயருக்குப் பதில் மெலிந்த டயர். தார் ரோட்டிலும் ஓடும், ஜல்லி ரோட்டிலும் ஓடும். கிராவல் சைக்கிள் என்கிறார்கள் என்று மகள்தான் பெயர் சொன்னாள். “மலையா படுத்தது கிராவலா எழுந்திரிச்சிருச்சு” என்று அவர் தெருவில் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

அப்படிப் பதினொன்று. எல்லாவற்றையும் யார் யாருக்கோ கொடுத்தாயிற்று. “ஊருக்கெல்லாம் தைக்கிறவ புருஷன் கிழிஞ்ச சட்டையோட திரியிறான்” என்று அவர் முனக ஆரம்பித்த பிறகுதான் பன்னிரண்டாவதை அவருக்கென்று எடுத்தாள். கத்தரிப்பூ நிறம். மூடிப்போன பல் ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடைத்தது.

அதில் ஒரு வேலை பாக்கி இருந்தது. பழைய மலை சைக்கிளின் பிரேக், கம்பியை நிறைய இழுத்தால்தான் இறுக்கிப் பிடிக்கும். வளைந்த கைப்பிடிக்கு உண்டான பிரேக் பிடி கொஞ்சமாகத்தான் இழுக்கும். நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் உருளையைப் போட்டால் சரியாகிவிடும். சொல்லிவைத்த உருளை இன்னும் வரவில்லை.

“சமதரையில ஓட்டுங்க. அது வர்ற வரைக்கும் இறக்கத்துல மட்டும் இறங்கிடாதீங்க” என்று சொல்லியிருந்தாள்.

“உத்தரவு, மெக்கானிக்கு” என்றார் அவர்.

நேற்று விடுமுறை. காலையில் எங்கே போகிறார் என்று அவள் கேட்கவில்லை. நீர்த்தேக்கத்துக்கு ஏறும் மலைப்பாதையில் கிடந்தார் என்று பதினோரு மணிக்கு போன் வந்தது.

“இங்க என்ன பண்ணிட்டிருக்க?” அவருடைய அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். “வந்தவங்கல்லாம் உன்னைத்தான் தேடுறாங்க.”

“வரேன் அண்ணி.”

நாத்தனார் சைக்கிளைப் பார்த்தாள். “அம்பத்தஞ்சு வயசுக்கு இது எதுக்கு? அவன்தான் சின்னப் புள்ளை மாதிரி பழைய இரும்பைத் தூக்கிட்டு வந்தான்னா, நீயும் அவன் கூட சேர்ந்துக்கிட்டு…” வாக்கியத்தை முடிக்காமல், சோப்பை எடுத்து அவள் கையில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். “கறையோட போய் அவன் பக்கத்துல உக்காராத.” சற்று நேரம் ஊற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு தணிந்த குரலில், “அவன் ஒண்ணும் நினைக்க மாட்டான். நாலு பேரு பாப்பாங்க, அதுக்குச் சொல்றேன்” என்றாள்.

முன்னறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே வெளிச் சுவர் தெரிந்தது. சாவுக்கு வந்தவர்கள் சைக்கிள்களை அதில் சாய்த்திருந்தார்கள். நான்கு அவள் செய்தவை. நர்ஸ் அம்மாவின் பச்சை, ஓவிய வாத்தியாரின் சாம்பல், மாவு மில்காரரின் சிவப்பு, கணவருடைய தம்பியின் கறுப்பு. நான்கிலும் பிரேக்குக்கு மேலே அந்தச் சின்ன உருளை இருந்தது. இங்கிருந்து பார்த்தால் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது.

ஊருக்கெல்லாம் போட்டாயிற்று. அவருக்கு மட்டும் போடவில்லை.

பத்து மணி சுமாருக்கு ஓர் ஆள் வந்து வாசலில் தயங்கினார். நாற்பது வயது இருக்கும். சட்டை, புருவம் எல்லாம் வெள்ளைக் கல்தூசி.

“இங்க மெக்கானிக்கு யாருங்க?”

நாத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. “இது சாவு வீடு, தெரியுதா? ஒர்க்‌ஷாப்பு அடுத்த தெருவுல இருக்கு.”

“இல்லம்மா. அவரு சொன்ன மெக்கானிக்கு.”

அறையில் பேச்சு நின்றது. அவள் எழுந்தாள். “நான்தான்.”

வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்து, கிடத்தியிருந்தவரைக் கும்பிட்டுவிட்டு நின்றார். ஜல்லி லாரி டிரைவர். நேற்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவர்தான்.

“சைக்கிள்ல இருந்து விழுந்துட்டார்னு எழுதிருக்காங்களாமே. அவரு விழலம்மா. நேத்து என்னை யாரும் எதுவும் கேக்கல. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

மகள் கதவோரம் வந்து நின்றுகொண்டாள்.

“மேல லோடு இறக்கிட்டுக் காலி வண்டியோட வரேன். உச்சியில, பாலத்துக் கட்டைச் சுவர்ல உக்காந்திருந்தாரு. சைக்கிளைப் பக்கத்துல சாய்ச்சு வச்சிருந்தாரு. கையைக் காட்டுனாரு. நிறுத்துனேன். தண்ணி கேட்டாரு, குடுத்தேன். அப்புறம், ‘தம்பி, என்னையும் இதையும் கீழ கொண்டு போய் விட்டுடுறியா’ன்னாரு. ஏன் சார், இறக்கம்தானே, மிதிக்காமலே போயிடலாமேன்னேன். ‘என் வீட்டு மெக்கானிக்கு இறங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. ஏறக் கூடாதுன்னு சொல்லல, ஏறிட்டேன்’னாரு. சிரிச்சாருங்க.”

நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“நான் சைக்கிளைத் தூக்கிப் பின்னாடி போட்டுட்டுத் திரும்பறேன். உக்காந்த வாக்குல அப்படியே சரிஞ்சு ஜல்லியில கிடந்தாரு. நெத்தி அதுல பட்டதுதான். எடுத்து உக்கார வச்சேன். தலை நிக்கல.”

அவள்தான் கேட்டாள். “ஏறும்போது பாத்தீங்களா?”

“ஏழரைக்கு லோடோட போறப்ப பாத்தேன். பாதி ஏத்தத்துல எழுந்து நின்னு மிதிச்சிட்டிருந்தாரு.”

“எழுந்து நின்னா?”

“ஆமாம்மா. உக்காந்து மிதிக்க முடியலபோல.”

அவள் தலையசைத்தாள். டிரைவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அறையில் பேச்சு திரும்பியது. விழவில்லையாம், உட்கார்ந்தபடியே போய்விட்டாராம், நல்ல சாவு என்றார்கள். மாவு மில்காரர் புதிதாக வந்தவர்களுக்கு முதலிலிருந்து சொன்னார். பிரேக் இல்லை. பிரேக் காரணம் இல்லை. அவள் நேற்றிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். அது முழுதாக வெளியே போவதற்குள் அடுத்தது வந்து நின்றது: எழுந்து நின்று மிதித்திருக்கிறார்.

மகள் அவள் முழங்கையைப் பிடித்துப் படுக்கையறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். மகள் மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். இருபத்து மூன்று வயது. நேற்றிலிருந்து அழவில்லை.

“அம்மா, அப்பா ரெண்டு வாரமா கடைக்கு வந்துட்டிருந்தாரு.”

“எதுக்கு?”

“நெஞ்சு எரியுதுன்னாரு. சாப்பாடு சேரலைன்னாரு. நான் அதுக்குத்தான் மாத்திரை குடுத்தேன். மூணு தடவை.” அவள் சுவரைப் பார்த்துப் பேசினாள். “அம்மாகிட்ட சொல்லாத, சைக்கிளைப் புடுங்கி வச்சிடுவான்னாரு. நானும் சிரிச்சிட்டு விட்டுட்டேன். ஒரு டாக்டரைப் பாருங்கப்பான்னு ஒரு வார்த்தை சொல்லல. தினம் அதே கவுன்டர்ல நின்னு ஊர்ல வர்றவங்களுக்கெல்லாம் சொல்றேன்ம்மா.”

அவளுக்கு முதலில் வந்தது கோபம். மகள் மேல் அல்ல. வெளியே படுத்திருப்பவர் மேல். இரண்டு வாரம் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் இருந்துகொண்டு, ஒரு முனகல்கூட இல்லாமல் இருந்த மனுஷன். அவரை எழுப்பி உட்காரவைத்துக் கேட்க வேண்டும் போலிருந்தது. மகள் இன்னும் சுவரையே பார்த்து நிற்பதைக் கண்டதும் அந்தக் கோபத்துக்குப் போக இடமில்லாமல் போயிற்று.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். “இங்க உக்காரு” என்றாள்.

மகள் உட்கார்ந்தாள்.

“பெடல்கிட்ட இருந்த மூணு பல்சக்கரத்தையும் கழட்டிட்டு ஒண்ணே ஒண்ணு போட்டேன்ல.”

“ம்.”

“அது பெருசு. பாக்க லட்சணமா இருந்துச்சுன்னு போட்டேன். மத்தவங்களுக்கெல்லாம் சின்னதுதான் போட்டேன். போன வாரம் சொன்னாரு, ஏத்தத்துல கனமா இழுக்குது, சின்னதா ஒண்ணு மாத்திடலாமான்னு.”

மகள் திரும்பி அவளைப் பார்த்தாள்.

“கால் பழகிடும்னு சொன்னேன்.”

வெளியே யாரோ மூக்கைச் சிந்தினார்கள். மகள் தாயின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். தாய் மகளின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள், குழந்தையாக இருந்தபோது காய்ச்சலுக்குத் தடவியது போல, கழுத்திலிருந்து கீழ்நோக்கி. அது உன்னால் இல்லை என்று அவளும் சொல்லவில்லை, மகளும் சொல்லவில்லை.

வண்டி வந்துவிட்டதாக நாத்தனார் கதவைத் தட்டினாள்.

ஆறு பேர் தூக்கினார்கள். முன் கதவில் வந்து நின்றுவிட்டார்கள். ஒரு பக்கக் கதவு மட்டும் திறந்திருந்ததால், பக்கத்துக்கு மூன்று பேராக வர அகலம் போதவில்லை. அந்த வீட்டில் இன்னொரு பக்கத்தைத் திறந்து எத்தனையோ வருடம் ஆகிறது. பெயின்ட்டோடு பெயின்ட்டாக மேல் தாழ்ப்பாள் ஒட்டிக்கிடந்தது. ஓவிய வாத்தியார் ஒரு முக்காலியின் மேல் ஏறி, குழவிக்கல்லால் நான்கு தட்டுத் தட்டினார். தூக்கியிருந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டு காத்து நின்றார்கள். “அவசரமில்ல, மெதுவாப் பண்ணுங்க” என்று கணவரின் தம்பி சொன்னார். கடைசியில் அது ஒரு முனகலோடு திறந்து, முன்னறையில் அதுவரை வெயில் பட்டிராத மூலை வரைக்கும் வெளிச்சம் போய் விழுந்தது.

எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது மாலை நான்கு மணி. நாத்தனார் காப்பி போடப் போனாள். கதவுகள் இரண்டும் விரியத் திறந்தபடியே கிடந்தன. மகள் வழக்கமான கதவைச் சாத்தினாள். மற்றதைச் சாத்தப் பார்த்தாள். தாழ்ப்பாள் வளைந்துபோயிருந்தது, துளையில் ஏறவில்லை. கையை எடுத்ததும் கதவு தானாகத் திறந்துகொண்டது.

“அம்மா, இது நிக்க மாட்டேங்குது.”

அவள் வந்து பார்த்தாள். ஐந்து நிமிட வேலை.

“இருக்கட்டும் விடு” என்றாள். முக்காலியை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். முதுகுக்குப் பின்னால் கதவு காற்றுக்கு லேசாக வந்து இடித்தது, போனது, மறுபடி வந்து இடித்தது.