பட்டா இல்லாத உப்பளம்

எங்கள் உப்பளத்தைப் பார்க்க வந்த பேங்க் ஆபீசர் பைக்கை வரப்பில் நிறுத்தினார்.

இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்திருந்தது. 2005 செப்டம்பரில் வகுப்பு. ஏழு லட்சம் கல்விக்கடனுக்கு பேங்க் கடிதம் கொடுத்தால்தான் விசா. லோன் விண்ணப்பத்தில் அடமானம் என்ன என்று கேட்ட இடத்தில், ‘சொந்த உப்பளம், பத்து ஏக்கர்’ என்று நானே எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். தாத்தா காலத்திலிருந்து நாங்கள்தான் அங்கே உப்பு வாருகிறோம். பிறகு வேறு யாருடையதாம்?

ஆபீசர் உப்புக் குவியல்களைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். “பட்டா குடுங்க.”

அப்பா பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். ஆபீசரின் முகம் மாறியது.

“இது குத்தகைப் பத்திரம்ங்க. நிலம் கவர்மெண்ட்டுது. உங்க பொண்ணு சொந்தம்னு எழுதியிருக்குதே?”

“எங்கப்பா காலத்துலேர்ந்து ரினீவல் பண்ணிட்டு வர்றோம் சார். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல” என்றார் அப்பா.

பெரிய படிப்பாளி நான்! அப்பா வருடாவருடம் பணம் கட்டப் போவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டு வரி மாதிரி ஏதோ வரி என்றே நினைத்திருந்தேன்.

“பொய்த் தகவல்னு நான் எழுதினா, எந்த பேங்க்லயும் உனக்கு லோன் கிடைக்காதும்மா.”

நான் அவசரமாக அவர் முன்னால் போனேன். “தெரியாம எழுதிட்டேன் சார். பொய் சொல்லணும்னு எழுதல சார்.”

அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். “சரி, வேற ஏதாவது சொத்து இருக்குதா?”

அப்பா காகிதத்தைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்தார். பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மா பலகையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

“வீடு இருக்குதுங்க. பட்டா என் பேர்ல.”

“கடன் கட்டலன்னா வீடு போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். “கலை, அங்க பாஸ் பண்ணிடுவியா? வேலை கிடைச்சிடுமா?”

ஒன்றாம் வகுப்பிலிருந்து முதல் ரேங்க் வாங்கியவள் நான். அம்மா இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அந்த ஒற்றை அறை வீடும், அதற்குள் இவர்கள் இரண்டு பேரும் கண்ணுக்குள் வந்து நின்றார்கள்.

“தெரியலம்மா. பயமா இருக்குது.”

“எனக்கும்தான்” என்றாள் அம்மா. உப்புக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஆபீசரிடம் பேனாவைக் கேட்டாள்.