பேருந்து நிலையச் சுவரில் ஒரு மலை

மலைக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரரே திருதிருவென்று விழிப்பார். ஊருக்கு மேற்கே நிற்கும் அந்த ஒரே மலையை வெயிலில், மழைக்குப் பின், மூடுபனியில் என்று வரைந்து தள்ளியவர். வங்கிச் சுவரில் அந்த மலை, பள்ளிக்கூட நடையில் அந்த மலை. பல் டாக்டர் அறையில் வாயைப் பிளந்தபடி மல்லாந்து கிடப்பவர்களுக்காக மேல்கூரையிலும் அதே மலைதான். "என் கண்ணைக் கட்டிவிட்டாலும் வரைவேன்" என்று பீற்றிக்கொள்வார். அதில் பொய்யில்லை. வினையே அதனால்தான் வந்தது.

மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் புதுப் பேருந்து நிலையம் கட்டினார்கள். காத்திருப்புக் கூடத்தின் நீளச் சுவரில் "நம்ம மலை" வேண்டும் என்று நிலைய மேலாளர் சொல்லியனுப்பினார். மலைக்காரர் வீட்டிலேயே தாளில் கட்டம் போட்டு வரைந்துகொண்டார். விடியுமுன் முதல் பேருந்தில் போய், சுவரிலும் கரியால் கட்டம் கிழித்து, சாரத்தில் ஏறிவிடுவார். தூசி வராமலிருக்க ஜன்னல்களைச் சாக்கால் மூடியிருந்தார்கள். இருட்டியபின் இறங்கி வீட்டுக்குத் திரும்புவார். வெளியே மலை அதுபாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. அதை ஒரு தடவை பார்த்துவைப்போம் என்று மனிதருக்குத் தோன்றவே இல்லை. கட்டிய மனைவி முகத்தைத் தினமும் யாராவது சரிபார்ப்பார்களா?

வேலை முடிந்த மாலை, சாரத்தையும் சாக்கையும் எடுத்தார்கள். டிக்கெட் கொடுக்கும் பெண் தேநீரும் கையுமாக வந்து நின்றாள்.

"ரொம்ப அழகா இருக்கு சார். இது எந்த ஊரு மலை?"

கிண்டல் செய்கிறாள் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். மேலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களால் கனைக்காமல் கெட்ட சேதி சொல்ல முடியாது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அந்தத் திமில் மாதிரி இருக்கே, அது எங்களுக்கு வலது பக்கம். இவ்வளவு மொட்டைப் பாறையும் இங்க கிடையாது, எல்லாம் மரம்தான்."

மலைக்காரர் வாசலுக்குப் போய் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. கிழக்கே இருந்து பார்த்த மலையை மேற்கே இருப்பவர்களுக்கு வரைந்து வைத்திருந்தார்!

"திறப்பு விழாவுக்கு இன்னும் நாள் இருக்கு. மாத்த முடியுமான்னு பாருங்க, இல்லேன்னா வெள்ளை அடிச்சிடறோம்" என்றார் மேலாளர் மெதுவாக.

வீட்டுக்கு வந்ததும் மலைக்காரர் டிரேசிங் பேப்பரை எடுத்தார். பழைய கோடுகளை அதில் பிரதியெடுத்து, அப்படியே குப்புறத் திருப்பினார். திமில் வலது பக்கம் போனது. பிரச்சினை தீர்ந்தது என்று அவர் பெருமூச்சு விடும்போது, பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் பிறந்தது அந்தப் பக்கத்து ஊரில். அம்மா போனபின் தம்பி வீட்டை விற்றுவிட்டு எங்கோ போய்விட்டான். அதிலிருந்து அவள் அங்கே கால் வைக்கவில்லை.

"திருப்பிப் போட்டா அந்தப் பக்கம் ஆயிடுமா? இங்க காலையிலேயே மலைமேல வெயில் விழுது. அங்க காலையில அது கன்னங்கரேல்னு நிக்கும். சாயங்காலம்தான் அதுக்கு உயிரே வரும், மரம் மரமாத் தெரியும்." ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டாள். "நீங்க இத்தன வருஷமா வரையறது அதோட முதுகை."

"ஏன் நீ சொல்லவே இல்ல?"

"நீங்க எப்பக் கேட்டீங்க?"

அதில் கோபம் கொஞ்சமும் இல்லை. இருந்திருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார். வீட்டுச் சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். அத்தனை படங்களில் ஒன்றின் முன்னாலும் அவள் நின்று அவர் பார்த்ததில்லை. படத்தைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று அவரே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இப்போது வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு வந்து காட்டேன்."

"அங்க எனக்கு யாரு இருக்கா? பஸ்ஸை விட்டு இறங்கி எந்த வீட்டுக்குப் போறது?"

அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டு, மாலை தோறும் நிலைய வாசலில் உட்கார்ந்து முதல் பாடம் படிப்பவர் போல் மலையைப் பார்த்தார். இரவுச் சாப்பாட்டில் கேள்வி கேட்டார். மரம் எந்த உயரத்தில் நிற்கும், நிழல் எங்கிருந்து ஏறும் என்று கேட்கக் கேட்க, முதலில் பிகு பண்ணியவள் பிறகு தட்டிலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினாள்.

"அடிவாரத்துல தண்ணித் தொட்டிக்கு மேல கொஞ்சம் வெட்டவெளி இருக்கும். எங்கம்மா அங்கதான் துணி காயப்போடுவா." விரலை அந்த இடத்திலேயே வைத்திருந்தாள். "இப்பவும் இருக்கா?"

"பார்த்துட்டு வந்து சொல்றேன்."

மறுநாள் "இருக்கு" என்று சொன்னார். அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

மேலாளருக்குப் பிடிக்குமா என்ற கவலை அத்தோடு அவரை விட்டுப் போனது. ஊரே மெச்சட்டும், இவள் பார்த்துவிட்டு "இது இல்லையே" என்றால்? அந்தப் பயத்தில் சாயங்கால மஞ்சளை மூன்று முறை அழித்து அழித்துப் போட்டார்.

சுவர் வேலை முடிந்த மறுநாள் காலை, வெளியே போகும் செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் வாசலில் நின்றாள். "பார்த்துட்டு உடனே திரும்பிடணும்" என்றாள்.

கூடத்துக்குள் நுழைந்தாள். எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். டிக்கெட் கொடுக்கும் பெண் "இதுதான் சார் எங்க மலை!" என்று கைதட்டினாள். அவர் காதில் அது ஏறவில்லை. மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு, பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டு நின்றார்.

வெளியே நடத்துனர் அவர்கள் ஊர்ப் பெயரைக் கூவினார். வண்டி உறுமியது.

"பஸ் கிளம்புது, வா."

அவள் எழுந்திருக்கவில்லை.

"இது போகட்டும்."

"அடுத்த பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் ஆகும்."

"ஆகட்டும்" என்றாள், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.