மார்கழியில் ஃபேன் எதற்கு

குழப்பம் வந்துவிட்டால் பரிமளா ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டையில் செருகிக்கொண்டு, அதையே கடை முழுக்கத் தேடுவாள். இந்த மார்கழி மாதம் அவள் அப்படித் தேடாத நாளே இல்லை. எல்லாம் சன்னதித் தெரு ஜெகந்நாதன் வீட்டு கம்ப்யூட்டர் செய்த வேலை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவள் சர்வீஸ் கடை. மானாம்பதி வரைக்கும் எந்த ரைஸ் மில் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவளிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். திறந்தால் உள்ளே தவிட்டுத்தூசியும் கரப்பான்பூச்சியும் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். ஜெகந்நாதன் வீட்டு கம்ப்யூட்டர் மட்டும் அப்படி வராது. துடைத்துவைத்த குத்துவிளக்கு மாதிரி வரும். கடைக்குப் போகிற சாமானை அழுக்கோடு கொடுத்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று எண்ணுகிற குடும்பம் அது. பாத்திரத்தை ஈயம் பூசக் கொடுத்தாலும் தேய்த்துத்தான் கொடுப்பார்கள்.

முதல் தடவை வந்தபோது குழப்பமே இல்லை. அது ஜெகந்நாதனின் மகன் நரேன் காலேஜில் படித்தபோது வாங்கிய பழைய மெஷின். மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் தலை உப்பிப் போயிருந்தன. ப்ராசஸர் மேலிருந்த ஃபேன் கிழட்டுத்தனமாக முனகிக்கொண்டு சுற்றியது. பரிமளா உப்பினதையெல்லாம் பிடுங்கிவிட்டுப் புதிசாக வைத்தாள். ஃபேனையும் மாற்றி, பெரிசாக ஒன்று போட்டாள்.

"பக்கத்து மூடியை மாட்டாதம்மா. தொறந்தே கெடக்கட்டும், ஹீட்டு வெளிய போவும்" என்று சொல்லி விஷ்ணுப்ரியாவிடம் ஒப்படைத்தாள்.

விஷ்ணுப்ரியா ஜெகந்நாதனின் மகள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறாள். அம்மா பத்மாசினி காலமாகி இரண்டு வருஷம். அப்பாவுக்குக் கோடையில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். நரேனோ வெளிநாட்டில். அவள் அந்த வீட்டில் இல்லாவிட்டால் மனிதர் மாத்திரையையும் மறப்பார், சாப்பாட்டையும் மறப்பார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, மெஷினை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு திரும்ப வந்து நின்றாள்.

"ஓடிண்டே இருக்கு, திடீர்னு அணைஞ்சுடறது அக்கா."

பரிமளா திறந்து பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடவிட்டாள். சாதுவாக ஓடியது. சந்தேகத்துக்கு ஃபேனைக் கழற்றி வேறு மாட்டினாள், ப்ராசஸர் சூட்டை இறக்குகிற பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினாள். வீட்டுக்குப் போனதும் அணைந்தது. அடுத்த தடவை பவர் சப்ளையையே மாற்றினாள். அதற்கும் அசையவில்லை. சில நாள் முழுதும் ஓடுமாம், சில நாள் அரை மணியில் நின்றுவிடுமாம்.

"உங்க வூட்டு கரண்ட்ல எதுனா கோளாறு கீதா?" என்று கேட்டு எர்த்தைப் பார்க்க ஆள் அனுப்பினாள். எர்த் நன்றாக இருந்தது. கடைசியில், வெளியில் சொன்னால் வெட்கம், மெஷினுக்கு ஒரு கறுப்புக் கயிறும் கட்டிவிட்டாள். கண் திருஷ்டிக்குக் கட்டுப்படுகிற சாமானா அது? ஆனால் வேறு எதற்குக் கட்டுப்படும் என்றும் அவளுக்குத் தெரியவில்லை. தன் கைதான் கெட்டுவிட்டதோ என்று அவளுக்குப் பயமே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்ததுமே விஷ்ணுப்ரியா போன் செய்தாள். குரல் உடைந்திருந்தது.

"இன்னொரு தடவை நின்னா திங்கக்கிழமைலேர்ந்து ஆபீசுக்கே வந்துடுன்னு மேனேஜர் சொல்லிட்டார்க்கா. அப்பாவை என்ன பண்றதுன்னே தெரியலை."

"இன்னிக்கி எத்தையும் தூக்கிக்கினு வராத. நானே வூட்டுக்கு வரேன். எதிர்ல குந்திக்கினு பாக்கறேன், எப்படி நிக்குதுன்னு."

சொன்னபடியே உடனே போய் உட்கார்ந்தாள். கூடத்து மேஜைக்கு அடியில் மெஷின். பக்கத்து மூடி இல்லாமல், பெரிய ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. விஷ்ணுப்ரியா மெஷினைப் போட்டுவிட்டு, மீட்டிங்குக்கு நேரமிருக்கிறது, குளித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். பரிமளா ஓரமாக நாற்காலியில் அமர்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

கோவிலில் திருப்பாவை கோஷ்டி முடிந்து ஜெகந்நாதன் வந்தார். கழுத்தில் மஃப்ளர், கையில் தொன்னையில் பொங்கல்.

"வாம்மா பரிமளா. பிரசாதம் எடுத்துக்கோ. கார்த்தால உன் பேரையும் சொல்லித்தான் பெருமாளைச் சேவிச்சேன், இந்த மிஷின் நல்லபடியா ஓடணும்னு."

பொங்கலை அவள் கையில் கொடுத்தார். ஜன்னல் மேடையிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை எடுத்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மேஜைக்கு அடியில் குனிந்து, சுற்றுகிற ஃபேனுக்குள் அதைப் பக்குவமாகச் செருகினார். டக்கென்று ஃபேன் நின்றது. நிமிர்ந்து, திருப்தியாக வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

பரிமளா வாயில் வைத்த பொங்கலோடு அப்படியே எழுந்துவிட்டாள். தான் கண்டது கனவா நிஜமா என்று ஒரு கணம் விளங்கவேயில்லை.

"இன்னா சார் பண்றீங்க?"

"குழந்தை இங்கதானே உக்காரப்போறா. நீ போட்ட ஃபேன் அவ காலுக்கு நேரா வீசறது. அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே வீசிங். மார்கழிக் குளிர்ல யாராவது ஃபேன் போட்டுப்பாளா? அதான் தினம் கோவில்லேர்ந்து வந்து நிறுத்திட்டு, ராத்திரி குச்சியை எடுத்துடறேன். ஏகாதசி மாதிரி கோவில்ல நேரமாகி, அதுக்குள்ள அவ உக்காந்துட்டாத்தான் தவறிப்போறது."

"கடைக்கி வரச்சொல்லோ இந்தக் குச்சி இருக்காதே?"

"குச்சியும் குப்பையுமாவா கொடுப்பா? எல்லாம் எடுத்துட்டுத் துடைச்சுத்தான் அனுப்புவேன்."

பரிமளாவுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. ஒரு மாதமாக அவள் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு துடைப்பக் குச்சி. மேஜைக்கு அடியில் புகுந்து அதைப் பிடுங்கினாள். ஃபேன் மறுபடி சுற்றியது.

"சார், இது மனுசங்களுக்குப் போட்ட ஃபேன் இல்ல. மெஷினு சூடேறாம இருக்கறதுக்குப் போட்டது. இது நின்னா மெஷினு கொதிச்சி அணைஞ்சிடும். இது அணைஞ்சிதுன்னா உங்க பொண்ணு மெட்ராஸ் போவணும்."

ஜெகந்நாதன் ஃபேனைப் பார்த்தார். அவள் கையிலிருந்த குச்சியைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. மெதுவாக நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பரிமளாவின் கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று, பெரிய மனுஷரை இப்படிக் குற்றவாளி மாதிரி நிறுத்திவிட்டோமே என்று ஆகிவிட்டது.

விஷ்ணுப்ரியா ஈரத் தலையில் துண்டோடு வந்து மேஜை முன்னால் உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டே, "ஏதாவது தெரிஞ்சுதாக்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, ஃபேன்ல ஒரு குச்சி மாட்டிக்கினு இருந்திச்சி. எடுத்துட்டேன்" என்றாள் பரிமளா.

"குச்சியா? அது எப்படிக்கா உள்ளே போச்சு?"

பரிமளா வாயைத் திறப்பதற்குள் ஜெகந்நாதன் சொன்னார்.

"நான்தாம்மா வெச்சேன். உன் கால்ல காத்து படக்கூடாதேன்னு வெச்சேன். கோவில்ல இது நிக்கக்கூடாதுன்னு வேண்டிண்டு வந்து, என் கையாலயே நிறுத்தியிருக்கேன்."

மகளுக்குப் பாதிதான் புரிந்தது. ஹெட்போனில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட, திரையைப் பார்த்து இங்கிலீஷில் பதில் சொல்ல ஆரம்பித்தாள். கண் மட்டும் அப்பாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

ஜெகந்நாதன் கழுத்திலிருந்த மஃப்ளரை அவிழ்த்தார். வலிக்கிற முட்டியை மடக்கி, மகளின் காலடியில் தரையில் உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினார். ஃபேன் காற்றில் மஃப்ளரின் நுனி ஆடியது. அவள் பேச்சு நடுவில் ஒரு முறை தடுக்கி நின்று, பிறகு தொடர்ந்தது.

பரிமளா குச்சியை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பினாள். செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. இன்னும் தரையிலேயே உட்கார்ந்து, அந்த ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.