ஒற்றைக் கண் சவரம்

தபால்காரரின் தாடையில் நுரையைத் தடவத் தொடங்கும்போதே சலூன்காரர் தன் தங்கையின் பெருமையையும் தொடங்கிவிட்டார். காலையில் ஒரு முறையாவது அதைச் சொல்லாவிட்டால் அவர் கத்தி ஓடாது என்பது வாடிக்கையாளர்களின் கேலி.

"இறங்கின சண்டையெல்லாம் ஜெயிச்சவ சார் என் தங்கச்சி. ஒண்ணுலகூட தோத்தது கிடையாது."

"போன தடவையும் சொன்னீங்க, அதுக்கு முந்தின தடவையும் சொன்னீங்க. இன்னும் ரெண்டு தடவை கேட்டா, அவங்ககிட்ட அடி வாங்கினதே நான்தான்னு ஆயிடும்" என்றார் தபால்காரர்.

சலூன்காரர் சொன்னதில் பொய்யில்லை. குத்துச்சண்டை வட்டாரத்தில் அவளுக்குப் 'புயல்' என்று பெயர். அவளுடைய வலது கை எங்கிருந்து வந்தது என்று எதிராளி யோசிப்பதற்குள் நடுவர் எண்ண ஆரம்பித்திருப்பார். பட்டத்துக்கான சண்டை நெருங்கியிருந்த சமயத்தில், பயிற்சியின்போது முகத்தில் ஒரு குத்து விழுந்தது. மறுநாள் இடது கண்ணுக்குள் கரும்புள்ளிகள் பறந்தன. விழித்திரை கிழிந்திருந்தது. சரிசெய்த கண் மருத்துவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "அந்தப் பக்கத்துப் பார்வை பாதிதான் திரும்பும்மா. இன்னொரு அடி பட்டா அதுவும் போயிடும். இதோட நிறுத்திக்கோ."

இருபத்து நான்கு வயதில் ஓய்வு! கொஞ்ச நாள் அழுதாள். பிறகு ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். "இப்ப மாவுதான் பாவம், தினமும் என்கிட்ட உதை வாங்குது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அண்ணனால்தான் சிரிக்க முடியவில்லை. பட்டத்தைக் கோட்டைவிட்டது அவளா, அவரா என்று கேட்பவர்களுக்குச் சந்தேகம் வரும் அளவுக்குப் புலம்பித் தீர்த்தார்.

அன்று தபால்காரரின் சவரம் முடிவதற்குள் அவள் விடிகாலை வேலை முடிந்து, சூடான ரொட்டிப் பொட்டலத்தோடு சலூனுக்குள் நுழைந்தாள். அண்ணன் முகம் மலர்ந்தது.

"பாப்பா, நல்ல சேதி! உனக்குப் பதிலா பட்டம் வாங்கினாளே, அவகூட மோத ஏற்பாடு பண்ணிட்டேன். ஒரே ஒரு சண்டை."

"டாக்டர் சர்டிபிகேட் இல்லாம ரிங்குக்குள்ள விட மாட்டாங்கண்ணா."

"அதுக்கும் ஆள் பிடிச்சாச்சு. வேற டாக்டர். கொஞ்சம் கவனிச்சா போதும், உனக்குக் கழுகுக் கண்ணுன்னே எழுதிக் கொடுப்பார். சாயங்காலம் வரச் சொல்லியிருக்கார்."

அவளுக்கு ஆசை இல்லாமலா? ரிங்கின் வெளிச்சமும் கூட்டத்தின் கூச்சலும் இன்றும் கனவில் வருகின்றன. மாவு ஒட்டிய விரல்கள் தாமாக முஷ்டியாக மடங்கின. அந்த முஷ்டியை அவளே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்ல விரித்துவிட்டு, அலமாரியிலிருந்து பஞ்சையும் பிளாஸ்திரியையும் எடுத்தாள்.

"சரிண்ணா, ஒரு பந்தயம்" என்றபடி அண்ணனின் இடது கண்ணை மூடி ஒட்டினாள். "இப்படியே சாருக்கு ஷேவ் பண்ணி முடி. ஒரு கீறல் இல்லேன்னா சாயங்காலம் வரேன்."

தபால்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பந்தயம் உங்க ரெண்டு பேருக்கு. நடுவுல என் கழுத்து எதுக்கும்மா?"

"பயப்படாதீங்க சார், பழகின கை" என்று சலூன்காரர் பிரஷ்ஷை நீட்டினார். நுரை காதுக்குள் போனது.

"விலாசம் தப்பு! தாடை இன்னும் கீழே இருக்கு" என்று தபால்காரர் குலுங்கிச் சிரித்தார்.

தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கப்போன கை அதைத் தட்டிவிட்டது. மூவரும் சிரித்தார்கள். அதன்பின் அவர் கத்தியைக் கழுத்தருகே கொண்டுபோனார். அங்கே நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. கத்தி அதற்கு எட்ட இருக்கிறதா, கிட்ட இருக்கிறதா? தெரியவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னண்ணா, ஒரே ஒரு ஷேவ்தானே?"

"கழுத்து பாப்பா... எவ்வளவு தூரத்துல இருக்குன்னே புரியல."

"சாராவது ஆடாம அசையாம உக்காந்திருக்கார். என் எதிர்ல நிக்கிறவ அப்படி நிப்பாளா? அடுத்தவர் கழுத்துக்கு இவ்வளவு பதறுறியே, என் கண்ணுக்குப் பதற மாட்டியா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். குரல்தான் கொஞ்சம் உடைந்தது.

சலூன்காரர் பிளாஸ்திரியைப் பிய்த்தார். புருவத்தில் பாதி அதோடு வந்தது. "ஐயோ" என்று அலறியபடியே போனை எடுத்து, ஏற்பாடு செய்த ஆளைக் கூப்பிட்டார். "நாங்க வரலைங்க. இல்லாத பார்வையை இருக்குன்னு எழுதற டாக்டர் எங்களுக்கு வேணாம். சண்டையும் வேணாம்."

பிறகு தங்கையின் தலையில் கை வைத்தார். "மன்னிச்சிடு பாப்பா. உன்னைத் தோத்தவள்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு..."

"நான் எங்கண்ணா தோத்தேன்? நிறுத்திக்கிட்டேன். அது வேற, இது வேற."

"நியாயந்தான்" என்றார் தபால்காரர், காதிலிருந்த நுரையைத் துடைத்துக்கொண்டே.

சலூன்காரர் தலையை ஆட்டினார். "லஞ்சம் கொடுத்தா பார்வை காகிதத்துலதான் வரும் சார், கண்ணுல வராது. நாலு பேர்கிட்ட நான் பீத்திக்கணும்னு என் வீட்டுப் பிள்ளையை அடி வாங்க அனுப்பப் பார்த்தேனே, அதுக்குப் பேரு பாசம் இல்ல சார். சுயநலம்."